வண்டி நின்றது எதனால்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராது, ஜோக்கும் வராது. வேணும்னா டிராலியைப் பத்தி எழுதித் தரேன்" என்றேன். "எந்த டிராலி? ஒர்க்‌ஷாப்புல இரும்பு தள்ளிட்டு வருவோமே, அதுவா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நீங்களும் சிரித்துக் கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் விஷயத்துக்கு வருவோம்.

நான் சொல்லும் டிராலி, மேலே கட்டிய கம்பியிலிருந்து ஒரு நீளக் கோல் வழியாக மின்சாரம் எடுத்துத் தண்டவாளத்தில் ஓடுகிற வண்டி. டவுனுக்குள் ஓடினால் அதை டிராம் என்கிறோம். அதே வண்டி டவுனைத் தாண்டி, வயல் வெளிகளுக்கு நடுவே, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஓடிய காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 'இன்டர்அர்பன்' என்று பெயர். நம் மொழியில் ஊரிடை மின்வண்டி என்று வைத்துக் கொள்வோமே.

அமெரிக்க வண்டியைப் பற்றி உனக்கென்ன அக்கறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் ஊர் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நான் பத்தாவது படிக்கும் வரை ஒரு மினி பஸ் வந்து போய்க் கொண்டிருந்தது. விடியற்காலை முதல் டிரிப்பில் எங்கம்மா கீரைக் கட்டோடு ஏறி டவுன் சந்தைக்குப் போய் விற்றுவிட்டு வருவார். அந்தக் காசில்தான் எனக்கு நோட்டு, யூனிபார்ம், டிராயிங் போர்டு எல்லாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து அதற்கு மேல் படிக்க வந்த முதல் ஆள் நான். ஒரு நாள் அந்த மினி பஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கேட்டதற்கு, "வசூல் இல்லம்மா" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அன்றையிலிருந்து நான் நடக்கிறேன். அம்மா கீரையை ஊருக்கே வரும் வியாபாரியிடம் பாதி விலைக்குப் போடுகிறார்.

'வசூல் இல்லை' என்ற அந்த வார்த்தை மனதில் முள்ளாகக் குத்திக் கொண்டே இருந்தது. அப்போதுதான் வகுப்பில் டி.சி. சீரிஸ் மோட்டார் பாடம் வந்தது. "எங்கே பயன்படும்?" என்று சார் கேட்டார். எல்லோரும் கோரஸாக, "டிராக்‌ஷன், கிரேன், ஹாய்ஸ்ட்" என்றோம். இரண்டு மார்க் கேள்வி, நமக்கு மனப்பாடம். "டிராக்‌ஷன்னா என்னன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா?" என்றார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்று நூலகத்துக்குப் போனவள் படித்த கதைதான் இது.

ஒரு மாலுமியும் ஒரு மோட்டாரும்

1880-களில் மின்சாரத்தில் வண்டி ஓட்ட பல பேர் முயன்றார்கள். ஜெர்மனியில் சீமென்ஸ் 1881-லேயே பெர்லின் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார். ஆனால் ஒரு முழு நகரத்துக்கும், மேடு பள்ளம் எல்லாவற்றிலும், நம்பி ஓட்டலாம் என்று காட்டியவர் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த பிராங்க் ஸ்பிரேக். எடிசனிடமும் கொஞ்ச காலம் இருந்தவர். 1888-ல் ரிச்மண்ட் நகரத்தில் அவர் அமைத்த டிராம் ஓடத் தொடங்கியது. செங்குத்தான தெருக்கள் உள்ள ஊர் அது. மோட்டாரின் ஒரு பக்கத்தை அச்சின் மேலேயே தாங்கவிட்டு, மறு பக்கத்தை ஸ்பிரிங் வைத்துத் தொங்கவிட்டார். பள்ளத்தில் சக்கரம் குதித்தாலும் பல்சக்கரம் விலகாது. கம்பியைக் கீழிருந்து ஸ்பிரிங் அழுத்தத்தில் தொட்டுக் கொண்டே போகும் டிராலிக் கோலை அங்கே நம்பகமாக வேலை செய்ய வைத்தார். அடுத்த சில வருஷங்களில் நூற்றுக்கணக்கான ஊர்கள் குதிரையை அவிழ்த்து விட்டு மின்சாரத்துக்கு மாறின.

டவுனுக்குள் ஓடியது சரி, பக்கத்து டவுன் வரை போக முடியுமா? இங்கேதான் நம் பாடம் வருகிறது. வண்டிக்கு வேண்டியது சுமார் 600 வோல்ட் டி.சி. அதைப் பத்து இருபது மைல் கம்பியில் அனுப்பினால் வோல்டேஜ் டிராப் ஆகி, கடைசியில் வண்டி நகராது. என்ன செய்தார்கள்? பவர் ஹவுஸில் ஏ.சி. உற்பத்தி செய்து, டிரான்ஸ்பார்மரில் உயர் வோல்டேஜுக்கு ஏற்றி அனுப்பினார்கள். வோல்டேஜைப் பத்து மடங்கு கூட்டினால் கரண்ட் பத்தில் ஒன்றாகும், கம்பியில் நஷ்டம் நூற்றில் ஒன்றாகும். வழி நெடுகச் சில மைல்களுக்கு ஒரு சப்ஸ்டேஷன் வைத்து, அங்கே ரோட்டரி கன்வெர்ட்டரால் மறுபடி டி.சி. ஆக்கி டிராலிக் கம்பிக்குக் கொடுத்தார்கள். நாம் லேபில் தனித்தனியாகப் பார்க்கும் டிரான்ஸ்பார்மர், கன்வெர்ட்டர், சீரிஸ் மோட்டார் மூன்றும் கைகோத்தபோது ஊருக்கு ஊர் வண்டி ஓடியது!

இந்தியானா மாநிலத்தில் சார்லஸ் ஹென்றி என்பவர் 1898-ல் ஆண்டர்சனுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் நடுவே இப்படி ஒரு தடம் ஓட்டினார். 'இன்டர்அர்பன்' என்ற பெயரையும் அவர்தான் பரப்பினார் என்கிறார்கள். 1904-ல் இந்தியானாபொலிஸ் நகரத்தில் ஒன்பது தடங்கள் உள்ளே வரும் பெரிய நிலையமே கட்டிவிட்டார்கள். 1916 வாக்கில் அமெரிக்காவில் சுமார் 15,500 மைல், அதாவது 25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தத் தடங்கள் இருந்தன. ஒஹையோ என்ற ஒரே மாநிலத்தில் மட்டும் 2,700 மைலுக்கு மேல்.

யாருக்கு லாபம்?

நீராவி ரயில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் வரும், பெரிய ஸ்டேஷனில் மட்டும்தான் நிற்கும். இந்த வண்டியோ பல தடங்களில் மணிக்கு ஒன்று. வயல் ஓரத்தில் நின்று கை காட்டினால் நிற்கும். விவசாயி பாலையும் முட்டையையும் ஏற்றி அன்றைக்கே டவுனுக்கு அனுப்பினார். வீட்டுப் பெண்கள் கடைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பினார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பக்கத்து டவுன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய் வந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கம்மாவின் கீரைக் கட்டு ஞாபகம் வந்தது. எந்த நாடாக இருந்தால் என்ன, விடிகாலை வண்டி ஒரு குடும்பத்துக்குச் செய்வது ஒரே உபகாரம்தான்.

சரி, இவ்வளவு நல்ல வண்டி ஏன் நின்றது?

என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் கேட்டேன். "கார் வந்துச்சு, டிராம் போச்சு. இதுல என்ன ஆராய்ச்சி?" என்றான். அவன் சொல்வதில் பாதி உண்மை. 1920-களில் அமெரிக்காவில் கார் பெருகியது நிஜம். இன்னும் சில உண்மைகளையும் நான் மறைக்கவில்லை. அவசர அவசரமாகப் பணம் திரட்டி, ஓட வேண்டாத இடத்தில் எல்லாம் தடம் போட்டார்கள். பல கம்பெனிகள் முதல் போட்டவருக்கு ஒரு நாளும் ஒழுங்காக லாபம் காட்டவில்லை. பல இடங்களில் ஒற்றைத் தடம். 1910 செப்டம்பரில் இந்தியானாவின் கிங்ஸ்லேண்டில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதெல்லாம் குறைதான்.

ஆனால் 'பழைய டெக்னாலஜி, அதனால் செத்தது' என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒஹையோவில் சின்சினாட்டி அண்ட் லேக் ஈரி என்ற தடத்துக்கு 1930-ல் அலுமினியம் சேர்த்து எடை குறைந்த சிவப்பு வண்டிகள் வந்தன. விளம்பரத்துக்காக ஒரு விமானத்தோடு பந்தயம் விட்டார்கள். அதில் வண்டி மணிக்கு 97 மைல், அதாவது 156 கிலோமீட்டர் வேகம் காட்டியது! ஒன்பதே வருஷத்தில், 1939-ல், அந்தத் தடமே மூடப்பட்டது. 156 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய மோட்டார் மேல் என்ன குற்றம் சொல்வீர்கள்?

குற்றம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதை விளங்க வைப்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கதையே போதும்.

அங்கே ஹென்றி ஹண்டிங்டன் என்ற செல்வந்தர் 1901-ல் பசிபிக் எலெக்ட்ரிக் கம்பெனியைத் தொடங்கினார். சிவப்பு வண்டிகள். உச்ச காலத்தில் ஆயிரம் மைலுக்கு மேல் தடம். அவருக்கு நிலம் விற்கும் கம்பெனியும் இருந்தது. காலி நிலத்துக்குத் தடம் போடுவார். வண்டி வந்ததும் நிலம் விலை ஏறும். மனையாகப் பிரித்து விற்பார். டிக்கெட் வசூலில் நஷ்டம் வந்தாலும் மனை விற்ற லாபம் ஈடுகட்டியது. நம் ஊரில் மனை விளம்பரத்தில் 'பஸ் ஸ்டாண்ட் அருகில்' என்று போடுவார்களே, இவர் பஸ் ஸ்டாண்டையே மனைக்குப் பக்கத்தில் கொண்டு வந்தவர்! 1911-ல் கம்பெனி சதர்ன் பசிபிக் ரயில்வே கைக்குப் போனது. மனை விற்றாகிவிட்டது. இனி வண்டிக்குப் படியளப்பது யார்?

மற்ற இடங்களிலும் இதே மாதிரிதான். பல மின்வண்டிக் கம்பெனிகள் மின்சாரம் விற்கும் கம்பெனிகளோடு சேர்ந்திருந்தன. பெரும் மந்தத்தில் மின்சாரக் கம்பெனி சாம்ராஜ்யங்கள் சரிந்தன. 1935-ல் வந்த சட்டம் அவற்றைத் தொடர்பில்லாத தொழில்களை விட்டுப் பிரியச் சொன்னது. வண்டி மறுபடி அநாதை. டவுனுக்குள் டிக்கெட் ஐந்து சென்ட் என்று பழைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். முதல் உலகப் போரில் விலைவாசி ஏறிய பிறகும் டிக்கெட்டை ஏற்ற விடாமல் பல நகரங்கள் தடுத்தன. தண்டவாளத்துக்கு நடுவே உள்ள சாலையையும் கம்பெனியே செப்பனிட வேண்டும். அதே சாலையில் கார்க்காரர் ஓட்டினார். அவருக்குச் சாலை போட்டது அரசாங்கம். ஒருத்தன் தன் தடத்தைத் தானே போட்டு, தானே பராமரித்து, வரியும் கட்ட வேண்டும். இன்னொருத்தனுக்குப் பொதுப் பணத்தில் பாதை. இந்தப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்?

இதற்கெல்லாம் கார் கம்பெனிகளின் சதியே காரணம் என்று ஒரு கதை உலகம் முழுக்க உலவுகிறது. முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற பஸ் கம்பெனிக்குப் பணம் கொடுத்து, பல ஊர்களின் டிராம் கம்பெனிகளை வாங்க வைத்து, பஸ்ஸும் டயரும் எண்ணெயும் தங்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டிப் போட்டதற்காக ஜெனரல் மோட்டார்ஸ், பயர்ஸ்டோன் முதலான கம்பெனிகளுக்கு 1949-ல் தண்டனை விதித்தார்கள். அபராதம் எவ்வளவு தெரியுமா? கம்பெனிக்கு ஐயாயிரம் டாலர்! ஆனால் 1949-க்கு வெகு முன்பே நூற்றுக்கணக்கான தடங்கள் மூடியாகிவிட்டது. நோயாளி படுத்த பிறகு வந்தவர்கள் அவர்கள். நோய் அதற்கு முன்பே வந்தது.

காசுள்ளவர் கார் வாங்கிப் போனார். கூட்டம் குறைந்தது. வசூல் இல்லையென்று டிரிப்பைக் குறைத்தார்கள். நேரத்துக்கு வண்டி இல்லையென்று இன்னும் சிலர் போனார்கள். கடைசியில் மிஞ்சியது கார் வாங்க முடியாதவர்கள். அவர்கள் தலையில்தான் வண்டி நின்றது விழுந்தது. 1961 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ்-லாங் பீச் கடைசி சிவப்பு வண்டியும் நின்றது. கேளுங்கள் வேடிக்கையை: 1990-ல் அதே லாங் பீச்சுக்கு, பெரும்பாலும் அதே பாதையில், அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதிதாக மின்சார ரயில் விட்டது! இருந்ததைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டார்கள்.

பிழைத்த வண்டி

எல்லாம் சாகவில்லை. ஒன்றிரண்டு பிழைத்தன. அதில் ஒன்று சிகாகோவுக்கும் சவுத் பெண்டுக்கும் ஓடும் சவுத் ஷோர் தடம். 1908-ல் தொடங்கி, 1926-ல் 1,500 வோல்ட் டி.சி.க்கு மாறியது. 1970-களில் இதையும் மூடப் பார்த்தார்கள். "லாபம் இல்லை" என்று அதே பழைய பல்லவி. அப்போது 1977-ல் அந்த வழியில் உள்ள நான்கு மாவட்டங்கள் சேர்ந்து ஒரு பொது வாரியம் அமைத்தன. 1989-ல் கம்பெனி திவாலான பிறகு, பயணிகள் வண்டியை அந்த வாரியமே வாங்கிக் கொண்டது. 2024-ல் பாதையின் ஒரு பெரும் பகுதியை இரட்டைத் தடமாக்கி முடித்தார்கள். மற்றதெல்லாம் செத்தபோது இது பிழைத்ததற்கு மோட்டார் உசத்தி என்பது காரணமில்லை. பக்கத்தில் சிகாகோ மாதிரி பெரிய நகரம் இருந்ததும் உதவியது. ஆனால் இக்கட்டான நேரத்தில், 'இது நம்ம வண்டி, கணக்கை நாமே பார்த்துக்கறோம்' என்று சொல்ல ஊரார் முன் வந்ததே அதைக் காப்பாற்றியது.

நம்மூரிலும் சாட்சி உண்டு. இந்தியாவில் முதல் மின்சார டிராம் 1895 மே மாதம் சென்னையில்தான் ஓடியது. ஆரம்பத்தில் மின்சாரக் கம்பி தரைக்கடியில் இருந்தது. மழைக் காலத்தில் அது சரிப்படவில்லை என்று பிறகு மேலே கம்பி கட்டினார்கள். தனியார் கம்பெனி. நஷ்டம் தாங்காமல் 1953 ஏப்ரல் 12-ம் தேதியோடு நின்றது. அதே சென்னையில் 1931-ல் பீச்-தாம்பரம் மின்சார ரயில் வந்தது. அதுவும் அன்று 1,500 வோல்ட் டி.சி.தான். டிராம் சாலையில் நெரிசலோடு மல்லுக்கட்டியது, ரயிலுக்குத் தனிப் பாதை இருந்தது என்பது நியாயம்தான். ஆனால் டிராம் தள்ளாடிய நேரத்தில் ரயில் அரசாங்கத்தின் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டிராமை நம் தாத்தா காலத்தவர்தான் பார்த்திருப்பார்கள். தாம்பரம் ரயில் இன்றும் ஓடுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

மறுபடி எங்கள் ஊருக்கு வருகிறேன். மினி பஸ் முதலாளியை நான் குறை சொல்லவில்லை. ஊரில் பைக் வாங்கினவர்கள் எல்லாம் பைக்கில் போனார்கள். மிச்சம் இருந்தது எங்கம்மா மாதிரி பெண்கள், கிழவர்கள், படிக்கிற பிள்ளைகள். இவர்கள் டிக்கெட்டில் டீசல் காசு வரவில்லை. 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது எங்கம்மா ரொம்ப சந்தோஷப்பட்டார். ஆனால் அந்த பஸ்ஸைப் பிடிக்க மூணு கிலோமீட்டர் கீரையைத் தலையில் சுமந்து நடக்கணும்னா, கட்டணம் இல்லைதான், கால் வலி யார் கணக்கு?

இந்த வருஷம் என் சித்தப்பா மகள் பத்தாவது பாஸ் செய்தாள். என்னை விட நல்ல மார்க். நம் கல்லூரியிலேயே சேர ஆசைப்பட்டாள். "சாயந்திரம் இருட்டுல அந்த ரோட்டுல ஒத்தையில வரணுமே" என்று வீட்டில் தயங்கித் தயங்கி, கடைசியில் சேர்க்கவில்லை. பஸ் நின்றதால் ஏற்பட்ட நஷ்டம் என்று எந்த லெட்ஜரிலும் இது ஏறாது. ஏறும் லெட்ஜரை யார் எழுதப் போகிறார்கள்? நாம்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நமக்கு லோடு கணக்குப் போடத் தெரியும். எந்த நேரத்தில் பீக், எந்த நேரத்தில் லோடு இல்லை என்று கர்வ் வரையத் தெரியும். நானும் என் தம்பியும் மூன்று நாள் ஊர் முக்கில் உட்கார்ந்து, காலையிலும் மாலையிலும் நடந்து போகிறவர்களை நோட்டில் கோடு போட்டு எண்ணினோம். எத்தனை பேர் பள்ளிக்கு, எத்தனை பேர் சந்தைக்கு, எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு என்று பிரித்து எழுதினோம். கிராம சபையில் நான் எழுந்து அந்த நோட்டை வாசித்தேன். கை நடுங்கியது, மறைக்க மாட்டேன். தீர்மானம் போட்டார்கள். பஸ் இன்னும் வரவில்லை. ஆனால் 'வசூல் இல்லை' என்ற ஒற்றை வார்த்தைக்கு எதிரில் எங்கள் கணக்கும் இப்போது ஒரு பைலில் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்குக் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் 'கிட்' வாங்கிப் பெயர் ஒட்டித் தருகிறோமே, அதற்குப் பதில் ஆளுக்கொரு தடத்தை எடுத்து இப்படி ஒரு கணக்குப் போட்டால் என்ன? மெக்கானிக்கல் நண்பர் டீசல் செலவு பார்க்கட்டும். சிவில் நண்பர் சாலையைப் பார்க்கட்டும். மின்னியல்காரர்கள் நாம், மின்சார பஸ் விட்டால் சார்ஜுக்கு எவ்வளவு யூனிட் என்று பார்ப்போம். மாணவர் பேரவை அதை வாங்கி உரியவர்களிடம் கொண்டு போய்ச் சேர்க்கட்டும்.

டிராலியை ஓட்டத் தெரிந்தவர்கள் அன்று நிறைய பேர் இருந்தார்கள். அதன் கணக்கைத் தங்கள் கணக்காக எடுத்துக்கொண்ட ஊர்கள்தான் குறைவு. அந்தத் தவறை நாமும் செய்ய வேண்டாம்.

இனிமேல் சீரிஸ் மோட்டார் எங்கே பயன்படும் என்று கேட்டால் இரண்டு மார்க்குக்கு 'டிராக்‌ஷன்' என்று எழுதுங்கள். எழுதும்போது, விடிகாலையில் ஒரு கீரைக் கட்டு வண்டியில் ஏறுவதை ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளுங்கள். அது போதும்.



— மூன்றாமாண்டு மாணவி, மின்னியல் துறை